பூக்காம்பில் ஆற்றைக் கடந்த கிடா

"என் தோட்டத்துப் பூக்காம்பு மேல உட்கார்ந்து நான் ஆத்தைத் தாண்டினேன். தனியா இல்ல. கூட ஒரு கிடாவும் உட்கார்ந்து வந்துச்சு."

மனாஹி இதைச் சொன்னதும், ஊர்ப் பொதுமனையான மராயின் சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்த சிரிப்பில் பொரித்த ரொட்டித் தட்டுகள் மேசையைவிட்டு ஓரங்குலம் எழும்பி உட்கார்ந்தன. எதிர்க்கரைக் காட்டு மயில்கள்கூட என்னவோ ஏதோ என்று பதறி அகவினவாம். அப்படிச் சொன்னவரும் மனாஹிதான்.

அது ஆற்றங்கரைக் கமிட்டிக் கூட்டம். தலைவி ஆன்ட்டி ரிப்பெக்கா. வயது எண்பத்து மூன்று. கூட்டக் குறிப்பையும் அவரே எழுதுவார். அடுத்தவர் கையெழுத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம்.

"டேய் மனாஹி, நான் கேட்டது என்ன? அந்தச் செடியைத் தோண்டி எடுக்கலாமா, வேண்டாமா? அது இருக்கறதால என்ன லாபம், ஒரே ஒரு காரணம் சொல்லுன்னேன். நீ எதுக்குடா நடுவுல கிடாவை இழுக்கறே?"

"நான் இழுக்கல ஆன்ட்டி. செடிதான் இழுத்துச்சு."

"தோட்டத்துப் பூக்காம்பு… ஆறு… ஒரு கிடா," என்று சொல்லியபடி ஆன்ட்டி எழுதிக்கொண்டார். பொய்யாக இருந்தாலும் சொன்னதைச் சொன்னபடி எழுதுவதுதான் முறை.

மனாஹிக்கு வயது அறுபத்தெட்டு. ஆற்றோரச் சாலையில் முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஒருமுறை மழையைவிட வேகமாக பஸ்ஸை ஓட்டியதில் கடைசி சீட்டுப் பிள்ளைகள் மட்டும் நனைந்தார்கள், முன்சீட்டுப் பிள்ளைகள் காய்ந்தபடி இறங்கினார்கள் என்பது அவர் சொல்லும் கதைகளில் அடக்கமான ஒன்று. வேலையை விட்ட நாளில் பிள்ளைகள் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் மூன்றே மூன்று இலையோடு ஒரு கன்றைக் கொடுத்தார்கள், இலையைக் கிழித்துக் கூடையும் பாயும் பின்னுகிற ஹரகேகே என்ற நார்ச்செடியின் கன்று. கொல்லையின் சதுப்பு மூலையில் கொண்டுபோய் நட்டார். அதற்கு முன் அவர் நட்ட தக்காளி, பீன்ஸ், எலுமிச்சை எல்லாம் அவர் முகத்தைப் பார்த்தே பட்டுப்போனவை. இது மட்டும் பிடித்துக்கொண்டது. சும்மா பிடிக்கவில்லை, எட்டே வருஷத்தில் இலை ஒவ்வொன்றும் வாளைப் போல நிமிர்ந்து, ஒன்றரை ஆள் உயரத்துக்குப் போய், ஒரு பஸ்ஸை நிறுத்தும் இடத்தை அடைத்துக்கொண்டது. கோடை வந்தால் நடுவிலிருந்து பூக்காம்புகள் கூரைக்கு மேலே கிளம்பும். டூயிப் பறவைகள் வந்து தேன் குடித்து, தலையெல்லாம் மஞ்சள் பொடியோடு, எந்தப் பக்கம் பறப்பது என்று தெரியாமல் வேலியில் மோதிக்கொள்ளும்.

இந்த அழகு முழுக்கப் பக்கத்து வீட்டு நோயலின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே வளர்ந்ததுதான் வினை.

நோயல் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கூரான வெள்ளைத் தாடி. சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவுநாடா. மனாஹி எதையாவது சொல்வார், நோயல் அதை அளப்பார். இருபது வருஷமாக அவர்கள் சிநேகம் இப்படித்தான். "நான் பிடிச்ச விலாங்கோட தலை வாணலியில வெந்துக்கிட்டிருந்தப்போ வால் இன்னும் ஆத்துலதான் இருந்துச்சு" என்று மனாஹி சொன்னபோது, நோயல் நேரே அடுப்படிக்குப் போய், "ஒரு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அப்படிப்பட்டவர்தான் இப்போது தீர்மானம் கொண்டுவந்திருந்தார். செடி தன் ஜன்னலில் தெரிய வேண்டிய ஆற்றில் முக்கால் பங்கை மறைக்கிறது. தவிர, ஏழில் நான்கு பங்கு செடி பொது நிலத்தில் நிற்கிறது. ஆற்றுக்கு இறங்கும் புதுப் பாதையை அந்த வழியாகவே போட்டுவிட்டால் நேராக இருக்கும். திங்கட்கிழமை தோண்டும் இயந்திரம் வேறு வேலைக்கு இந்தப் பக்கம் வருகிறது, கையோடு முடித்துவிடலாம்.

"பிரிச்சு எடுத்து மராய் பின்னாடி நட்டுக்கலாம்டா. செத்தா போகப்போகுது?" என்று ஆன்ட்டி சமாதானம் சொன்னார்.

சாகாதுதான். ஆனால் அந்த ஐஸ்கிரீம் டப்பாவை மனாஹி இன்னும் வைத்திருக்கிறார். அதனால்தான் வாயைத் திறந்தார். திறந்ததும் கிடா வந்துவிட்டது.

நோயல் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தார்.

"ஆன்ட்டி, மிதக்கற கணக்குன்னு ஒண்ணு இருக்கு. இவன் எடை நூற்றுப் பத்துக் கிலோ…"

"நூறு!"

"நூற்றுப் பத்து. கிடா ஒண்ணு. பூக்காம்பு எத்தனைன்னு இவன் சொல்லட்டும்."

"ஆயிரம் இருக்கும்," என்றார் மனாஹி.

"பாத்தீங்களா? அந்தச் செடி அத்தனை காம்பு விடாது. ஆகவே மூழ்கியாகணும். மூழ்கியிருந்தா இவன் இங்க உட்கார்ந்து மூணாவது ரொட்டி தின்ன முடியாது."

"நாலாவது," என்றார் மனாஹியின் மனைவி மெரெயானா, ஓரத்தில் பின்னிக்கொண்டிருந்த கூடையிலிருந்து தலையைத் தூக்காமல்.

காம்புத் தொல்லை ஊருக்கே தெரிந்த கதை. மூன்று வருஷத்துக்கு முன் அது மிகச் சின்னதாகத்தான் தொடங்கியது. கோடை முடிந்து காய்ந்த காம்புகள் காற்றில் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் போட்டன. நோயல் ஒரு சீட்டு எழுதி வேலியில் செருகினார்: 'நேற்று பிற்பகல் ஒரு மணி நேரத்தில் இருநூற்றுப் பதினான்கு கடகட.' மனாஹி உடனே காய்ந்த காம்புகளை வெட்டி எடுத்தார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்.

"எங்க போடறது? எரிச்சிடவா?"

"ஹரகேகேயை எரிப்பியா நீ?" என்று மெரெயானா கேட்ட கேள்வியிலேயே மனாஹி கால்பங்கு கருகிப்போனார். ஹரகேகேயில் எதையும் எரிப்பதில்லை, குப்பை வண்டியில் போடுவதும் இல்லை. மிச்சத்தைச் செடியடியிலேயே போட வேண்டும். செடியடியில் போட்டார். சதுப்பில் மிதந்து நோயலின் முட்டைக்கோஸ் பாத்திக்குள் போய்ச் சேர்ந்தன.

கார் நிறுத்தும் கொட்டகையில் அடுக்கினார். கார் வெளியே நின்றது. ஜன்னல் மூடவில்லை. கோழிகள் ஓட்டுநர் சீட்டில் அடைகாத்தன. மூன்று வாரம் மனாஹி எங்கே போவதானாலும் நடந்தே போனார். முட்டை பொரிவதற்கு முன் கோழியை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருஷக் காம்புகளும் சேர்ந்தன. கொட்டகை போதவில்லை. துணிக்கொடிக் கம்பங்களுக்கு இடையில் அடுக்கினார். சிலந்திகள் குடிவந்து, மனாஹியின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் இரண்டு கைகளையும் சேர்த்து நெய்துவிட்டன. மூன்றாவது வருஷம் எல்லாவற்றையும் விருந்தாளி அறைக்கு மாற்றினார், கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், கட்டில் மேலேயும் கொஞ்சம். அந்த வாரம் பார்த்து மெரெயானாவின் அக்காள் ஹுயியா பத்து நாள் தங்க வந்தாள். பத்தே நிமிஷத்தில் தொப்பி நிறையக் கறுப்பு விதையும், கழுத்துக்குள் ஏதோ ஊர்வதுமாக வெளியே வந்து, வந்த காரிலேயே திரும்பிப் போனாள்.

மெரெயானா அன்றைக்குக் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் மனாஹிக்குப் பயமாக இருந்தது.

"சனிக்கிழமைக்குள்ள காம்பு வீட்டை விட்டுப் போகணும். இல்லேன்னா நீயும் காம்பும் சேர்ந்து போங்க. எங்க போவீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம்."

"மராய்க்குக் கொடுத்திடறேன். வேலி கட்டிக்குவாங்க. ஆனா கார்ல ஏறாதே. ஒவ்வொண்ணும் நாலு மீட்டர்."

"ஆத்துல விடு. ஆறு நேரா மராய்க்குத்தானே போகுது?"

இதுவரை ஊருக்குத் தெரியும். மிச்சத்தைத்தான் மனாஹி இப்போது கூடத்தில் எழுந்து நின்று சொன்னார்.

"அந்தச் சனிக்கிழமை காலையில மழை விடற வரைக்கும் காத்திருந்தேன். இலை வெட்டினேன். முறைப்படிதான் ஆன்ட்டி. நடுக்குருத்து குழந்தை, ரெண்டு பக்கமும் தாய் தகப்பன், அந்த மூணையும் தொடல. வெளியே சாய்ஞ்ச கிழங்களைத்தான் வெட்டினேன். கிழிச்சு முறுக்கி, காம்பையெல்லாம் கட்டுக்கட்டா இறுக்கினேன். மூணு கட்டைச் சேர்த்துக் கட்டினதும் பாத்தா, அடடா, தெப்பம்! அசல் தெப்பம். நம்ம முன்னோர் போனாங்களே, அதே மாதிரி. இதைச் சும்மா மிதக்க விடறதான்னு தோணுச்சு. ஏறி உட்கார்ந்துட்டேன்."

"அப்ப நான் சமையல்கட்டுல இருந்தேன்," என்றார் மெரெயானா கூட்டத்தைப் பார்த்து. "அதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு சொன்னேன்: நீ உன் கையால முதல்முதலா கட்டினது இது. வச்சுக்க முடியாது, கொடுத்திடணும்னு."

எல்லோரும் தலையசைத்தார்கள். ஹரகேகேயில் முதலில் செய்ததை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். கூடையானாலும் பாயானாலும் அப்படித்தான். தெப்பத்துக்கு மட்டும் விலக்கு உண்டா என்ன?

"மராய்க்குத்தான் கொடுக்கறதா இருந்தேன்," என்று மனாஹி தொடர்ந்தார். "ஆனா வளைவுல திரும்பும்போது எதிர்க்கரையில ஒரு சத்தம். பாத்தா சேத்துத் திட்டுல ஒரு கிடா. கிழட்டுக் கிடா. பின்னாடி செங்குத்தான பாறை, முன்னாடி ஆறு. மலையில பேஞ்ச மழைத் தண்ணி வந்துக்கிட்டே இருக்கு. முழங்கால் வரைக்கும் ஏறிடுச்சு. அந்தப் பக்கம் ரோடா இருக்கு, யாராவது வர்றதுக்கு? ஆறோ அங்க இருநூறு மீட்டர் அகலம்."

"தொண்ணூத்தாறு," என்றார் நோயல்.

"வெள்ளம்பா, வெள்ளம்!"

"வெள்ளத்தோட தொண்ணூத்தாறு."

"சரி. கோலை ஊன்றி ஊன்றிப் போனேன். கிட்டப் போனா, அந்தக் கிடா என் தெப்பத்தை மேலும் கீழும் பாக்குது. ஏறலாமா வேண்டாமான்னு யோசிக்குது. தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு, அப்பவும் என் முடிச்சைத் தொட்டுப் பாக்குது!"

கூடம் சிரித்தது. நோயல் சிரிக்கவில்லை. தேநீரில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது கரண்டி.

"கழுத்தைப் பிடிச்சுத் தூக்கிப் போட்டேன். வழி முழுக்க ஒரே கத்தல். காது கிழிஞ்சு போச்சு."

"கத்தியிருக்காது!" என்றார் நோயல் சட்டென்று.

ஆன்ட்டி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"பொதுவாச் சொன்னேன் ஆன்ட்டி. கிடாக்கள் பொதுவா… அமைதியான பிராணிகள்."

"வழி முழுக்கக் கத்தல்," என்று எழுதினார் ஆன்ட்டி. "அப்புறம்?"

"இந்தக் கரைக்கு வந்தோம். அது பாட்டுக்கு இறங்கி நடுங்கிட்டு நின்னுச்சு. ஒரு நன்றி கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"சொல்லியிருக்கும்!"

"கிடாவா?"

"அதோட… பாஷையில," என்று சொல்லிவிட்டு நோயல் ஏழாவது கரண்டியைப் போட்டார்.

"சரிடா, தெப்பம் எங்க?" என்றார் ஆன்ட்டி. "கொண்டுவந்து காட்டு. முடிஞ்சது கதை."

மனாஹி தலையைச் சொறிந்தார். "கொடுத்துட்டேன்."

"அது சரிதான். முதல்ல செஞ்சதைக் கொடுக்கத்தான் வேணும். யாருக்கு?"

மனாஹி ஜன்னலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் காலடியைப் பார்த்துச் சொன்னார்: "கிடாவுக்கு."

அந்தச் சிரிப்பைப் பற்றி என்ன சொல்ல! ஒருவர் நாற்காலியோடு மல்லாந்தார். இன்னொருவர் பல்செட் கழன்று குழம்புக்குள் விழுந்தது. மெரெயானா மட்டும் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கணவர் முகத்தைப் பார்த்தார். நாற்பத்து நாலு வருஷமாக அந்த முகத்தின் பொய்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். இது அந்தப் பட்டியலில் இல்லை.

ஆன்ட்டி மேசையைத் தட்டினார். "போதும். இன்னிக்கு முதல் விஷயமா நோயலோட அலுமினியப் படகைப் பத்திப் பேசினோம். மூணு வாரத்துக்கு முன்னாடி எவனோ அவிழ்த்துவிட்டு, பாலத்தடியில கவிழ்ந்து கெடந்தது. அதுக்கு வருத்தம் தெரிவிச்சாச்சு. எல்லாரும் படகை ரெட்டை முடிச்சுப் போட்டுக் கட்டுங்க. எப்படின்னு நோயல் வழக்கம்போல இந்த வருஷமும் கயிறோட வந்து பாடம் எடுப்பான். ரெண்டாவது விஷயம் இந்தச் செடி. தோண்டணும்கறவங்க கையைத் தூக்குங்க."

மெரெயானா கணவர் பக்கம் சாய்ந்தார். "உண்மையைச் சொல்லு. யாருக்குக் கொடுத்தே?"

"சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"யார்கிட்ட? கிடாகிட்டயா?"

"கிடாகிட்டதான்."

"செடி போயிடும் மனாஹி."

"தெரியும்."

அவர் குரலில் இப்போது கதை சொல்கிறவனின் எக்களிப்பு இல்லை. பெரிய கைகள் இரண்டையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கடைசி ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்திவிட்டு பிள்ளைகள் இறங்கக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு பெயரைச் சொன்னால் போதும். வாழ்நாள் முழுக்க ஆயிரம் புளுகு புளுகியவர், நாக்கின் நுனியில் இருந்த அந்த ஒரே ஒரு உண்மையை விழுங்கிக்கொண்டு சும்மா இருந்தார்.

கைகள் எழுந்தன. யாருக்கும் மனாஹியின் மேல் கோபமில்லை. பாதை நேராக இருந்தால் நல்லதுதானே என்கிற கைகள். ஆன்ட்டி எண்ணினார். ஒன்பது, பத்து, பதினொன்று.

"நோயல், தீர்மானம் உன்னுது. உன் கை எங்க?"

நோயல் கையைத் தூக்கவில்லை. எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்த அளவுநாடாவை வெளியே எடுத்தார், எதை அளப்பது என்று தெரியாதவர் போல ஒரு சாண் இழுத்தார், விட்டார். அது சர்ரென்று உள்ளே போனது.

"ஆன்ட்டி, குறிப்புல சில திருத்தம் இருக்கு."

"இப்பவா?"

"காம்பு ஆயிரம் இல்ல. முந்நூத்தி நாற்பத்திரண்டு."

"அதைத்தான் அவன் புளுகுன்னு நாங்க எல்லாரும் ஒத்துக்கிட்டோமே."

"புளுகு எண்ணிக்கையில மட்டும்தான். முந்நூத்தி நாற்பத்திரண்டு தாங்கும். ரெண்டு பேர் உட்கார்ந்தா தண்ணிக்கு மேல பதினோரு சென்டிமீட்டர் நிக்கும். முடிச்சும் நல்ல முடிச்சு. என் முடிச்சைவிட நல்ல முடிச்சு. தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கறேன்."

ஆன்ட்டி பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"எண்ணினியா?" என்றார் ஆன்ட்டி. "தெப்பத்தையா? எங்க வச்சு எண்ணினே?"

"என் கொட்டகையில."

"உன் கொட்டகையில எப்படிடா வந்துச்சு?"

நோயலின் வெள்ளைத் தாடி இரண்டு தரம் ஆடியது. எதிரே மனாஹி கண்ணாலேயே 'வேண்டாம்பா, விட்டுடு' என்று சாடை காட்டிக்கொண்டிருந்தார். நோயல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஜன்னல்ல இருந்து எவ்வளவு ஆறு மறையுதுன்னு எதிர்க்கரையில நின்னு அளந்தா சரியா இருக்கும்னு ஒருத்தன் படகுல போனான். அவன் படகை எவனும் அவிழ்த்துவிடல ஆன்ட்டி. சரியாக் கட்டல, அவ்வளவுதான். அதை நீங்க முதல் விஷயத்துல திருத்திக்குங்க."

ஆன்ட்டி ரிப்பெக்கா பேனாவைத் திறந்து, எழுதியதையெல்லாம் முதலிலிருந்து விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். "சரி. ரெண்டாவது விஷயத்துல என்னத்தைத் திருத்தறது?"

"கிடான்னு வர்ற இடத்தையெல்லாம் அடிச்சுட்டு, நோயல்னு எழுதுங்க."